பறக்கும் பூதத்துக்கு போட்டோ எடுத்தது யாரு?

முதல்ல ஒரு குட்டி டெஸ்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது. ஒரே ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு, 'பறக்கும் டைனோசர்' ஒண்ணை மனசுக்குள்ள கொண்டுவாங்க.

வந்துடுச்சா? வௌவால் மாதிரி ரெக்கை, அலகு நிறைய கத்திப் பல்லு, மொட்டைத் தோல், கழுகுக் கால். பின்னாடி ஒரு எரிமலை புகைஞ்சுக்கிட்டு இருக்கணும். முன்னாடி ஒரு ஹீரோயின் 'ஆ...'ன்னு அலறணும். அவங்களை அப்படியே காலால கவ்விக்கிட்டு வானத்துல ஜூட்! கரெக்டா?

ஸாரி பாஸ், அத்தனையும் அவுட்! ரெக்கை தப்பு, பல்லு தப்பு, தோல் தப்பு, கால் தப்பு. அவ்வளவு ஏன், பேரே தப்பு. அது டைனோசரே இல்லை. டைனோசருக்கு சித்தப்பா பையன் முறை வேணும்னா சொல்லலாம். பேரு டெரோசார். ஆங்கிலத்துல எழுதும்போது முன்னாடி ஒரு 'பி' வரும், ஆனா அதை உச்சரிக்கக் கூடாது. கிரேக்க மொழியில 'ரெக்கைப் பல்லி'ன்னு அர்த்தம். சுமார் 22 கோடி வருஷத்துக்கு முன்னாடி கிளம்பி, 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசர்களோட சேர்ந்து காலியான கோஷ்டி. முதுகெலும்புள்ள பிராணிகள்ல முதன்முதலா சிறகடிச்சுப் பறந்தது இதுங்கதான். பறவை, வௌவால் எல்லாம் ஜூனியர்ஸ்.

இப்போ கேள்வி இதுதான். அதை நேர்ல பார்த்தவங்க யாருமே இல்லை. கேமராவும் இல்லை, மனுஷனும் இல்லை. அப்புறம் நம்ம எல்லார் மண்டைக்குள்ளேயும் ஒரே மாதிரி படம் எப்படி வந்துச்சு? யாரோ வரைஞ்சாங்க. நாம நம்பிட்டோம். எலும்பைக் கையில வெச்சுக்கிட்டு, கோடி வருஷத்துக்கு முந்தின மிருகத்தை உயிரோட வரையுற இந்த வேலைக்கு 'பேலியோ ஆர்ட்'னு பேரு. தமிழ்ல தொல்லுயிர் ஓவியம்னு வெச்சுக்கலாம். அதோட கதை, எந்த மசாலாப் படத்துக்கும் சளைச்சது இல்லை!

கல்லுக்குள் ஒரு கன்ஃபியூஷன்

ஜெர்மனியில பவேரியா பக்கம் ஸோல்ன்ஹோஃபன்னு ஒரு ஊர். அங்க கிடைக்கிற சுண்ணாம்புக் கல் அவ்வளவு நைஸா இருக்கும். கல்லுல படம் வரைஞ்சு காகிதத்துல அச்சடிக்கிற லித்தோகிராஃபி முறைக்குப் பேர்போனது இந்தக் கல்தான். படம் அச்சடிக்கிற கல்லுக்குள்ளேயே ஒரு படம் மாதிரி பதிஞ்சு கிடந்தது ஒரு விநோத எலும்புக்கூடு. 1784-ல் அதைப் பத்தி முதன்முதலா எழுதினவர் கொஸிமோ அலெஸாண்ட்ரோ கொலினி. இத்தாலிக்காரர். ஒரு காலத்துல பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருக்கு செக்ரட்டரியா இருந்தவர். அவருக்கு எலும்பைப் பார்த்ததும் தலை சுத்திடுச்சு. கையில ஒரே ஒரு விரல் மட்டும் மத்த விரல்களைவிட பல மடங்கு நீளம். 'கடல் பிராணியா இருக்குமோ?'ன்னு யோசிச்சார்.

1800-ல் ஸ்ட்ராஸ்பர்க் பேராசிரியர் ஜான் ஹெர்மன், பாரிஸ்ல இருந்த ஜார்ஜ் குவியேவுக்கு ஒரு கடிதம் போட்டார். கூடவே ஒரு படம். 'அந்த நீள விரல்ல இருந்து உடம்பு வரைக்கும் ஒரு தோல் சவ்வு இருந்திருக்கணும்'னு வரைஞ்சு காட்டினார். உடம்பு முழுக்க ரோமம் வேற! டெரோசாரை உயிரோட கற்பனை பண்ணி வரைஞ்ச, நமக்குத் தெரிஞ்ச முதல் ஓவியம் அதுதான். குவியே 1801-ல் 'இது பறக்கும் ஊர்வன'ன்னு தீர்ப்பு எழுதினார். 1809-ல் 'டெரோ-டாக்டைல்'னு பேரும் வெச்சார். 'ரெக்கை விரல்'னு அர்த்தம்.

தீர்ப்பு வந்துட்டா கேஸ் முடிஞ்சுடுமா என்ன? 1830-ல் யோஹான் வாக்லர்னு ஒருத்தர், 'அது ரெக்கையே இல்லை, துடுப்பு!'ன்னு சொல்லி, கிட்டத்தட்ட பென்குயின் மாதிரி நீந்த விட்டுட்டார். 1843-ல் எட்வர்ட் நியூமன்னு இன்னொருத்தர், 'இது பை வெச்ச வௌவால்!'னு சொல்லி, காது மடல் எல்லாம் வெச்சு மொசுமொசுன்னு வரைஞ்சார். ஒரே எலும்பு, மூணு பேர், மூணு மிருகம்.

சிரிக்காதீங்க. இதுல ஒரு பெரிய விஷயம் இருக்கு. படமா வரையும்போது மழுப்ப முடியாது. கட்டுரையில 'தோல் எப்படி இருந்ததோ தெரியாது'ன்னு ஒரு வரியில தப்பிச்சுடலாம். ஓவியன் அந்த இடத்தை வெள்ளையா விட முடியுமா? ஏதாவது ஒரு பெயின்ட் அடிச்சே ஆகணும். விஞ்ஞானி சாய்ஸ்ல விட்ட கேள்விக்கும் ஓவியன் ஆன்ஸர் எழுதணும்!

மேரிக்காக ஒரு ஓவியம்

இங்கிலாந்துல லைம் ரீஜிஸ்னு ஒரு கடற்கரை ஊர். அங்க மேரி ஆனிங்னு ஒரு பெண். ஏழைக் குடும்பம். அப்பா இறந்ததும், பாறை இடுக்குல இருந்து புதைபடிவங்களை எடுத்து வித்துத்தான் குடும்பம் ஓடுச்சு. 1828-ல் ஜெர்மனிக்கு வெளியே கிடைச்ச முதல் டெரோசார் எலும்புக்கூட்டைக் கண்டுபிடிச்சது அவங்கதான். இப்போ அதுக்கு டைமார்ஃபோடான்னு பேரு. இவ்வளவு செஞ்சும், பெண் என்கிற ஒரே காரணத்துக்காக லண்டன் புவியியல் சங்கத்துல அவங்களால உறுப்பினராக முடியலை.

அவங்களோட நண்பர் ஹென்றி டி லா பேச் ஒரு புவியியலாளர். 1830-ல் அவர் ஒரு வாட்டர் கலர் ஓவியம் வரைஞ்சார். பேரு 'டூரியா ஆன்டிகுவியர்'. மேரி தோண்டி எடுத்த பிராணிகள் எல்லாம் அதுல உயிரோட நீந்துது, கடிக்குது, பறக்குது. ஒரு நீளக் கழுத்து கடல் பிராணி, பறந்துபோற டெரோசாரை லபக்குனு பிடிக்கிற காட்சிகூட உண்டு. பழைய உலகம் ஒண்ணை, அதுல வாழ்ந்த உயிரினங்களோட சேர்த்து முழுக் காட்சியா காட்டின ஆரம்பகால ஓவியங்கள்ல இது முக்கியமானது. அதைக் கல் அச்சுல பிரதி எடுத்து வித்தாங்க. வந்த பணம்? மேரிக்கு!

நோட் பண்ணிக்குங்க. இந்தக் கலை பிறந்த காலத்துலேயே ஒரு படம், உழைச்சவங்க கைக்கு காசைக் கொண்டுபோய் சேர்த்திருக்கு. இந்த பாயின்ட்டுக்கு கடைசியில திரும்ப வருவோம்.

1854-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுல பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்கிற சிற்பி, பழங்கால மிருகங்களை ஆளுயரத்துக்கு மேல செஞ்சு நிறுத்தினார். அந்தக் கூட்டத்துல டெரோசார்களும் உண்டு. ஊரே திரண்டு வந்து வாயைப் பிளந்தது. அந்தச் சிற்பங்கள் இன்னைக்கும் அங்க நிக்குது. நிறைய தப்போட, ஆனா ஜம்முனு!

சினிமா கொடுத்த பல்லு

அமெரிக்கா, கன்ஸாஸ். 1870-ல் ஓத்னியல் சார்லஸ் மார்ஷின் குழு அங்க ஒரு பெரிய ரெக்கை எலும்பை எடுத்தது. பிறகு மண்டையோடும் கிடைக்க, 1876-ல் அவர் வெச்ச பேரு டெரனோடான். அர்த்தம் என்ன தெரியுமா? 'பல்லில்லாத ரெக்கை'. பேர்லயே பல்லு இல்லை பாஸ்! ரெக்கை விரிச்சா பெரிய சைஸ் ஆசாமிகள் 6 மீட்டரைத் தாண்டும்.

சிகாகோ ஃபீல்டு மியூசியத்துக்காக 1920-களின் கடைசியில சார்லஸ் நைட் வரைஞ்ச சுவரோவியங்கள்ல, கடலுக்கு மேல டெரனோடான் மிதந்துபோகும். யேல் பல்கலைக்கழகத்தின் பீபடி மியூசியத்துல ருடால்ஃப் ஸாலிங்கர் 1947-ல் முடிச்ச 110 அடி நீள சுவரோவியத்துலயும் ஒண்ணு பறக்கும். செக் நாட்டு ஓவியர் ஸ்டெனெக் புரியன் வரைஞ்ச படங்கள் பல மொழிப் புத்தகங்கள்ல உலகம் சுத்தி வந்தது. இவங்க எல்லாம் அன்னைக்கு தெரிஞ்ச விஞ்ஞானத்தை வெச்சு உண்மையா உழைச்சவங்க.

ஆனா ஹாலிவுட்டுக்கு வேற கவலை. 1933-ல் வந்த 'கிங் காங்'ல டெரனோடான் ஹீரோயினைத் தூக்கப் பார்த்தது. 1966-ல் வந்த 'ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.'யில ரே ஹாரிஹவுஸன், ரெக்கைக்குள்ள வௌவால் மாதிரி பல விரல்களை வெச்சார். பார்க்க கெத்தா இருக்கும், ஆனா டெரோசார் ரெக்கையைத் தாங்கினது ஒரே ஒரு நாலாவது விரல்தான். 2001-ல் 'ஜுராஸிக் பார்க் 3' பல்லில்லாத ரெக்கைக்கு பல் செட்டே கட்டி விட்டுடுச்சு! 2015-ல் 'ஜுராஸிக் வேர்ல்டு' ஆளைக் காலால தூக்கிப் பந்தாடுச்சு. நிஜத்துல அதுங்க பாதம் தட்டையா, நடக்கிறதுக்கான பாதம். கழுகு மாதிரி கவ்விப் பிடிக்கிற அமைப்பே கிடையாது. அந்தக் காலை வெச்சு ஒரு ஆளைத் தூக்குறது, செருப்பு போட்ட காலால பக்கெட்டைத் தூக்குற மாதிரி.

22 வயசுல ஒரு ஜாக்பாட்

இனிமேதான் மெயின் பிக்சர். 1971. டெக்சாஸ் மாநிலத்துல, மெக்சிகோ எல்லையை ஒட்டி பிக் பென்ட் தேசியப் பூங்கா. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல முதுகலை படிச்சுக்கிட்டிருந்த டக்ளஸ் லாஸன் என்கிற ஸ்டூடன்ட், புராஜெக்ட்டுக்காக அங்க அலைஞ்சுக்கிட்டிருந்தார். வயசு 22. நம்ம செட்டு! காய்ஞ்ச ஓடைக்கரையில ஒரு எலும்பு நீட்டிக்கிட்டு இருந்தது. தோண்டினா ரெக்கை எலும்புகள். மேல்கை எலும்பு மட்டுமே சுமார் 54 சென்டிமீட்டர்.

1975-ல் 'சயின்ஸ்' இதழ்ல அவர் கட்டுரை வந்தது. ரெக்கை விரிப்புக்கு மூணு கணக்கு போட்டார்: 11 மீட்டர், 15.5 மீட்டர், 21 மீட்டர். நடுவுல இருந்த 15.5-ஐ தேர்ந்தெடுத்தார். பேரு, கெட்சால்கோட்லஸ் நார்த்ரோபி. முதல் பாதி, மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் வணங்கின இறகுப் பாம்புக் கடவுள் பேரு. ரெண்டாவது பாதி? ஏரோ பசங்க காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். வாலே இல்லாத 'ஃப்ளையிங் விங்' விமானங்களை உருவாக்கின ஜாக் நார்த்ரோப் பேரு!

இப்போ நிறைய எலும்புகளை ஒப்பிட்டுப் பார்த்து 10-11 மீட்டர்ங்கிற கணக்குக்கு வந்திருக்காங்க. 'அட, குறைஞ்சுடுச்சே'ன்னு உச் கொட்டாதீங்க. இன்னைக்கு உயிரோட இருக்கிற பறவைகள்ல அதிக ரெக்கை விரிப்பு இருக்கிற ஆல்பட்ராஸே மூணரை மீட்டர்தான். 11 மீட்டர்னா நாலு பேர் உட்கார்ற செஸ்னா 172 விமானத்தோட ரெக்கை அளவு. தரையில நின்னா ஒட்டகச்சிவிங்கி உயரம். ஹாஸ்டல் முதல் மாடி ஜன்னல்ல எட்டிப் பார்த்து 'மெஸ்ஸுல என்ன டிஃபன்?'னு கேட்கும்!

சிக்கல் என்னன்னா, அந்தப் பெரிய ஆசாமியோட ரெக்கை மட்டும்தான் கிடைச்சது. தலை கிடைக்கலை. ஆனா பேப்பர், புத்தகம், டி.வி. எல்லாத்துக்கும் உடனே படம் வேணும். என்ன செய்வாங்க? ஒரு தலையை 'செட்' பண்ணிட்டாங்க. குட்டை மூஞ்சி, வாய் நிறைய பல்லு. அதைப் பார்த்து இன்னொருத்தர் வரைஞ்சார். அவரைப் பார்த்து இன்னொருத்தர். பக்கத்து பெஞ்சுல பிட்டு அடிச்சா அவன் பண்ணின ஸ்பெல்லிங் மிஸ்டேக்கும் சேர்ந்து வரும் இல்லையா, அதே கதை. வான் லாங்ஸ்டன் என்கிற பேராசிரியர் அதே பூங்காவுல வேற இடத்துல சின்ன சைஸ் உறவுக்காரங்களைத் தோண்டி எடுத்தார். அதுல தலை இருந்தது. நீளமான, கூர்மையான, பல்லே இல்லாத அலகு! 1996-ல் அந்த மண்டையோட்டைப் பத்தின விரிவான கட்டுரையும் வந்துடுச்சு. அதுக்கு அப்புறமும் பழைய பல்லு மூஞ்சி பொம்மைகள்லயும் புத்தகங்கள்லயும் உலாத்திக்கிட்டேதான் இருந்தது. அந்தச் சின்ன ஆசாமிக்கு 2021-ல் வெச்ச பேரு கெட்சால்கோட்லஸ் லாஸனி. ஆமா, நம்ம ஸ்டூடன்ட் பேரேதான். கண்டுபிடிச்சு சரியா 50 வருஷம் கழிச்சு!

இன்ஜினீயருங்க உள்ளே வர்றாங்க

நானும் மெக்கானிக்கல்தான். அதனால இந்த ஏரியாவுல கொஞ்சம் ஓவரா பேசுவேன், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. இவ்வளவு பெரிய உடம்பு எப்படி மேலே எழும்பும்?

பழைய ஓவியங்கள்ல எல்லாம் டெரோசார் மலை உச்சியில தொங்கிக்கிட்டே இருக்கும். கீழே இருந்து கிளம்ப அதால முடியாது, குதிச்சுத்தான் பறக்கணும்னு நினைச்சாங்க. எடை விஷயத்துலயும் குழப்பம். ரெக்கைக்குத் தகுந்த மாதிரி 70 கிலோ அளவுக்குக் குறைச்சு சொன்னவங்களும் உண்டு. 2010-ல் டொனால்ட் ஹெண்டர்ஸன், '500 கிலோவுக்கு மேல, பறந்தே இருக்காது'ன்னு எதிர்ப்பக்கம் போனார்.

நடுவுல வந்தவர் மைக்கேல் ஹபீப். பறவை கிளம்பும்போது காலால குதிக்கும், ரெக்கை வேற டிபார்ட்மென்ட். டெரோசார் அப்படி இல்லை, நாலு காலால நடந்தது. தென்கொரியாவின் ஹேனாம் பகுதியில 35 சென்டிமீட்டர் வரைக்கும் நீளமுள்ள அதுங்களோட பாதத்தடங்களே கிடைச்சிருக்கு. ரெக்கையை மடிச்சு முன்னங்காலா ஊன்றி நடக்கும். அப்போ பறக்குறதுக்கு இருக்கிற அதே முரட்டுத் தோள் சதையாலதான் எம்பவும் செய்யும்னு 2008-ல் ஹபீப் சொன்னார். போல் வால்ட் வீரன் கம்பை ஊன்றி எழும்புற மாதிரி, கையை ஊன்றி ஒரே உந்து, டேக் ஆஃப்! இன்னைக்கும் ரத்தக் காட்டேரி வௌவால்கள் தரையில இருந்து இப்படித்தான் கிளம்புது. 2010-ல் ஹபீப்பும் மார்க் விட்டனும் சேர்ந்து, சுமார் 200-250 கிலோ எடையோட கெட்சால்கோட்லஸ் தாராளமா பறந்திருக்கும்னு கணக்கு போட்டாங்க. ஒரு நல்ல புல்லட் பைக்கை விட கொஞ்சம் அதிக வெயிட்!

செஞ்சு பார்த்தவங்களும் உண்டு. மனித சக்தியால ஓடின விமானத்தை 1977-ல் பறக்கவிட்டு ஜெயிச்ச பால் மெக்கிரெடி, கெட்சால்கோட்லஸின் பாதி சைஸ் மாடல் ஒண்ணை உருவாக்கினார். ரெக்கை 18 அடி. சிறகடிக்கும், தலையைத் திருப்பும், கம்ப்யூட்டர் பேலன்ஸ் பண்ணும். 1986-ல் கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்துல ஐமாக்ஸ் படத்துக்காக நிஜமாவே பறந்துச்சு. அதே வருஷம் மே மாசம், வாஷிங்டன் பக்கத்துல ஒரு விமானப்படைத் தளத்துல ஜனங்க முன்னாடி பறக்கவிட்டப்போ பொத்துனு விழுந்துடுச்சு. வாலில்லாம பறக்குறது எவ்வளவு கஷ்டம்னு அன்னைக்குப் புரிஞ்சது.

இன்னொண்ணு. அந்த நீளக் கழுத்து எப்படி முறியாம இருந்தது? மொராக்கோவில் கிடைச்ச ஒரு கழுத்தெலும்பை ஸ்கேன் பண்ணி 2021-ல் ஒரு கட்டுரை வந்தது. எலும்புக்குள்ள சைக்கிள் வீல் போக்ஸ் கம்பி மாதிரி மெல்லிய எலும்புக் கம்பிகள்! 50 கம்பி இருந்தாலே கழுத்து தாங்குற சுமை 90 சதவிகிதம் வரைக்கும் கூடும்னு கணக்கு. நாம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல முட்டி மோதுறதை, இயற்கை எப்பவோ கிளியர் பண்ணிடுச்சு.

இது எல்லாத்துக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கே! இந்தக் கணக்கு வந்ததும் ஓவியங்கள்ல டெரோசார் மலை உச்சியை விட்டு இறங்கி சமவெளிக்கு வந்துடுச்சு. போஸே மாறிடுச்சு.

கொக்கு நடை, ராட்சச வேட்டை

2008-ல் மார்க் விட்டனும் டேரன் நெய்ஷும் ஒரு கட்டுரை எழுதினாங்க. கெட்சால்கோட்லஸ் வம்சம் கழுகு மாதிரி பிணம் தின்னலை, கடல்மேல அலகை உரசி மீன் பிடிக்கலை. தரையில நடந்து, குனிஞ்சு, கண்ணுல பட்ட சின்ன பிராணிகளை டபக்குனு முழுங்கிச்சுன்னு சொன்னாங்க. வயல்ல உழவு ஓட்டும்போது பின்னாடியே ஒய்யாரமா நடந்து பூச்சி பொறுக்குற கொக்கைப் பார்த்திருக்கீங்களா? அதை ஒட்டகச்சிவிங்கி சைஸுக்கு ஜூம் பண்ணுங்க. பூச்சிக்கு பதிலா குட்டி டைனோசர். அடிவயித்துல சில்லுனு இருக்கா?

அதுல விசேஷம், விட்டன் விஞ்ஞானி மட்டும் இல்லை, ஓவியரும்கூட. அந்தக் கட்டுரைக்கு படமும் அவரே வரைஞ்சார். பெரணிக்காட்டுல நடந்துக்கிட்டே, குட்டி டைனோசர்களைப் பொறுக்குற ராட்சசங்க. ஒரு மனுஷன், ஒரு ஒட்டகச்சிவிங்கி பக்கத்துல டெரோசார் நிக்கிற அவரோட அளவுப் படங்களும் ஏக ஃபேமஸ். 2010-ல் லண்டன் தேம்ஸ் கரையில, விட்டன் இருந்த போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகக் குழு நிஜ சைஸ் மாடல்களையே செஞ்சு வெச்சது. 2022-ல் வந்த 'ப்ரீஹிஸ்டாரிக் பிளானட்' தொடர்ல டேரன் நெய்ஷ்தான் தலைமை அறிவியல் ஆலோசகர். அங்க கெட்சால்கோட்லஸ் நடக்குற நடையில எரிமலையும் இல்லை, ஹீரோயினும் இல்லை. ஆனா ராஜநடை!

முடி உண்டு, கலர் உண்டா?

1971-ல் ரஷ்ய விஞ்ஞானி ஷாரோவ், கஜகஸ்தான்ல கிடைச்ச ஒரு டெரோசார் உடம்புல ரோமம் மாதிரி இழைகள் இருந்ததை எழுதினார். ஆக, 1800-ல் ஹெர்மன் குத்துமதிப்பா வரைஞ்ச ரோமம் பாஸாகிடுச்சு! 2022-ல் பிரேசில்ல கிடைச்ச டூபன்டாக்டைலஸ் கொண்டையில கிளை விட்ட இழைகளும், நிறமித் துணுக்குகளும் இருந்ததா 'நேச்சர்' இதழ்ல வந்தது. அது இறகுதானான்னு இன்னும் பட்டிமன்றம் நடக்குது. ஆனா 'மொட்டைத் தோல்' கட்சிக்கு டெபாசிட் காலி. இதுல இன்னொரு நல்ல விஷயம், தனியார் ஒருத்தர்கிட்ட இருந்த அந்தப் படிவத்தை அதோட தாய்நாடான பிரேசிலுக்கே திருப்பிக் கொடுத்துட்டாங்க.

இருந்தாலும் கெட்சால்கோட்லஸ் என்ன கலர்? எலும்பு அதைச் சொல்லலை. அந்த இடத்துல ஓவியன் யூகிக்கத்தான் வேணும். 2012-ல் ஜான் கான்வே, கோஸ்மென், டேரன் நெய்ஷ் சேர்ந்து 'ஆல் யெஸ்டர்டேஸ்'னு ஒரு புத்தகம் போட்டாங்க. அதுல ஒரு செம குறும்பு. இன்னைக்கு இருக்கிற மிருகங்களை, எலும்பை மட்டும் பார்த்து வரைஞ்சா எப்படி இருக்கும்னு காட்டினாங்க. அழகான அன்னப்பறவைக்கு இறகே இல்லை, ரெக்கை எலும்பு கொடுவாள் மாதிரி ஆகிடுச்சு! நாம டெரோசாருக்கு செஞ்ச அநியாயம் என்னன்னு அந்த ஒரு படம் பொட்டுல அடிச்சு சொல்லிடும்.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு பாஸ்?

செத்துப்போன பல்லிக்கு பல்லு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நியாயமான கேள்வி.

ஆறு வயசுப் பையன் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க மாட்டான். படம்தான் பார்ப்பான். அந்தப் படம் பொய்னா, அவன் மண்டைக்குள்ள அடுத்த 60 வருஷம் அந்தப் பொய்தான் குடியிருக்கும். அதைத் திருத்த எத்தனை கட்டுரை வந்தாலும் பத்தாது. பல்லு மூஞ்சி கெட்சால்கோட்லஸே அதுக்கு சாட்சி.

ரெண்டாவது, காசு விஷயம். விட்டன், நெய்ஷ், கான்வே மூணு பேரும் 2014-ல் இந்தத் துறையோட நிலைமையைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதினாங்க. உழைப்புக்கு சம்பளம் குறைவு, படங்களைத் திருடுறது சர்வ சாதாரணம்னு புட்டுப் புட்டு வெச்சாங்க. யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் எலும்பை அளந்து, சதையைக் கணக்கு போட்டு, அன்னைக்கு அங்க என்ன செடி இருந்ததுன்னு தேடி, வாரக்கணக்குல ஒரு படம் வரையுறார். இன்னொருத்தர் அதைப் பார்த்து அரை மணி நேரத்துல காப்பி அடிச்சு பொம்மை டப்பாமேல ஒட்டிடுறார். வித்தா காசு யாருக்கு? காப்பி அடிச்சவருக்கு!

இப்போ புதுசா ஏ.ஐ. வேற. ஒரு வரி டைப் பண்ணினா ரெண்டு செகண்டுல டெரோசார் ரெடி. பளபளன்னு இருக்கும், பல்லும் இருக்கும், வௌவால் விரலும் இருக்கும். ஏன்னா அது படிச்ச பாடமே நாம இத்தனை வருஷமா போட்டு வெச்ச தப்புப் படங்களும் சேர்ந்ததுதானே? எலும்பை அது பார்க்கலை. பிட்டைத்தான் பார்த்திருக்கு. டூரியா ஆன்டிகுவியர் வித்த காசு மேரி ஆனிங்குக்குப் போச்சுன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? இந்த ரெண்டு செகண்ட் படத்துல அந்த மாதிரி காசு எந்த மேரிக்கும் போகாது. அந்த உழைப்பு நின்னுடுச்சுன்னா, அடுத்த லாஸன் ஒரு எலும்பைத் தூக்கிக்கிட்டு வரும்போது, அதுக்கு உண்மையான முகம் கொடுக்க ஆள் இருக்க மாட்டாங்க.

பென்சிலை எடுங்க மக்களே!

அடுத்த தடவை டெரோசார் படம் எதையாவது பார்த்தா, இந்த அஞ்சு செக்கிங் பண்ணுங்க:

1. ரெக்கையைத் தாங்குறது ஒரே விரலா? பல விரல் இருந்தா வௌவால் காப்பி.
2. டெரனோடான், கெட்சால்கோட்லஸ் வாய்ல பல்லு இருக்கா? இருந்தா பிட்டு கேஸ்.
3. தரையில நாலு காலும் ஊன்றி நிக்குதா? ரெண்டு கால்ல நின்னா ஃபெயில்.
4. உடம்புல மொசுமொசுன்னு ரோமம் இருக்கா? இருந்தா ஓவியர் லேட்டஸ்ட் நோட்ஸ் படிச்சிருக்கார்.
5. முக்கியமா, கீழே வரைஞ்சவர் பேரு இருக்கா? இல்லைன்னா, 'யாரு வரைஞ்சது?'ன்னு கேளுங்க.

கடைசியா ஒண்ணு. இந்த வேலைக்கு ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ் சர்டிஃபிகேட் மட்டுமே போதாது, ஜியாலஜி டிகிரி மட்டுமே இருந்தும் பிரயோஜனம் இல்லை. எலும்பு பார்க்க ஒரு கண்ணு, கணக்கு போட ஒரு மூளை, வரைய ஒரு கை, தப்புன்னு தெரிஞ்சா அழிக்க ஒரு ரப்பர். அந்த நாலும் உங்ககிட்ட இருக்கு. லேப் ரெக்கார்டு கடைசிப் பக்கத்துல ஏற்கெனவே என்னென்னவோ வரையுறீங்க, எங்களுக்குத் தெரியாதா? ஒரு நாள் அங்க ஒரு கெட்சால்கோட்லஸை வரைங்க. பல்லு வெக்காதீங்க. மறக்காம கீழே உங்க பேரை எழுதுங்க!